பதினெட்டாம் தேதிப் பெரட்டு

மழை விட அரைமணி நேரமாவது ஆகும். உட்காருங்கள் சார். மூன்று மணிப் பெரட்டு மழை விட்ட பிறகுதான். கொட்டகைக்குள்ளேயே நடத்தலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது, திறந்த வெளியில்தான் நடந்தது. அதனால் இங்கேயும் திறந்த வெளியில்தான். அந்த விதியை எழுதியது நான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் முக்கியமான முதல் நாள் நான் இங்கே இல்லை. பல் பிடுங்கப் போயிருந்தேன். அன்று நடந்தது டிக்கெட் கவுன்டர் இந்திராணி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேர் கூப்பிடுகிற தண்டலாக, அதாவது மேஸ்திரியாக, வேடம் போடுகிற சர்குணனும் சொன்னான். இருவர் சொன்னதும் ஓர் இடத்தில் ஒத்துப்போகவில்லை. அன்று பெரட்டு பார்க்க வந்த ஓர் அம்மா பெஞ்சின் மேல் ஏறி நின்று பேசினார் என்றார் அக்கா. உட்கார்ந்தபடியேதான் பேசினார் என்றான் சர்குணன். அவருக்கு எழுபத்து நான்கு வயது என்பதால் நான் சர்குணன் சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

இது பழைய பிரேமோர் ரப்பர் தோட்டம். உங்கள் ஊர்ப் பக்கமிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள் மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய இடம். இங்கே பால் என்றால் ரப்பர் பால். தோட்டத்தை வாங்கி வீடு கட்டி விற்ற கம்பெனி ஒரு மூலையை மட்டும் விட்டுவைத்தது. வரிசையாக ஆறு லயத்து வீடு, பால் நிறுக்கிற ஒரு ஸ்டோர், பிள்ளைகளை விட்டுப்போகிற ஒரு ஆயாக்கொட்டகை, நானூறு மரம். அதற்கு ‘தோட்ட வாழ்க்கைத் திறந்தவெளி அருங்காட்சியகம்’ என்று பெயர் வைத்தார்கள். நான் இங்கே ஆய்வு அதிகாரி. ரூபிணி என்று என் பெயர்ப் பட்டையில் இருக்கிறது, பாருங்கள், கீழே மூன்று மொழியில் ஆய்வு அதிகாரி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒப்பந்த வேலைதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். அதனால் சரிபார்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை.

நாலாம் நம்பர் லயத்தில் மாட்டியிருந்த காலண்டர் 1971ஆம் ஆண்டுடையது என்று கண்டுபிடித்துக் கழற்றச் சொன்னது நான். நாங்கள் காட்டுவது 1968. ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் கட்டியிருந்த சேலை பாலியஸ்டர். அதையும் மாற்றச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே.

பெரட்டுக் காட்சியை எழுதச் சொன்னவர் எங்கள் மேனேஜர் மிஸ்டர் பிரான்சிஸ். காலையில் நீங்களே பார்த்தீர்கள். விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். தண்டல் செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். செக்ரோல் என்பது வந்தவரைக் கறுப்பிலும் வராதவரைச் சிவப்பிலும் குறிக்கிற புத்தகம். ‘இருக்கேன்’ என்றவருக்கு அன்று பேர் உண்டு. பேர் இருந்தால் வேலை உண்டு. தோட்டத்து ஆபீசில் மிஞ்சியது ஒரே ஒரு மாதத்துச் செக்ரோல். ஜூலை 1968.

“ஒரு ஆப்சென்டாவது வேணும் ரூபிணி. எல்லாரும் வந்துட்டா அது நாடகம் இல்ல, பேங்க்ல நிக்கிற வரிசை,” என்றார் மிஸ்டர் பிரான்சிஸ்.

முப்பத்தொரு நாளையும் பார்த்தேன். சில நாட்களில் ஐந்து பேர் வரவில்லை, சில நாட்களில் ஏழு பேர். பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை, ஒரே ஒரு சிவப்புச் சுழி. சுத்தமான பத்தி. காத்தாயி, த.பெ. வீராசாமி. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல தேர்வு என்று மிஸ்டர் பிரான்சிஸ் மின்னஞ்சலில் எழுதினார். அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

நான் எழுதியது இவ்வளவுதான்: ‘தண்டல் காத்தாயியை மூன்று முறை கூப்பிடுகிறார். பதில் இல்லை. சிவப்புச் சுழி போடுகிறார்.’ இரண்டாம் வாரத்தில் தேவா என்ற பையன், பின்வரிசையில் நிற்கிற நடிகன், தானாகவே ஒரு வரி சேர்த்தான்.

“படம் பாக்க டவுனுக்குப் போயிட்டா தண்டலு!”

சனங்கள் சிரித்தார்கள். அந்த வரி அப்படியே தங்கிவிட்டது. அது என் வசனம் இல்லை. ஆனால் காலத்துக்குப் பொருந்தாதது என்றும் சொல்ல முடியாது. 1968இல் டவுனில் தியேட்டர் இருந்தது. அதைச் சரிபார்த்தேன்.

போன வருஷம் மார்ச் மாதம். ஒரு கோயிலிலிருந்து பஸ் பிடித்து முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். பத்து மணிப் பெரட்டு. நான் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தேன். இந்தப் பகுதி எல்லாம் அக்காவும் சர்குணனும் சொன்னது.

இரண்டாவது பெஞ்சில் ஓர் அம்மா கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தாராம். சர்குணன், “காத்தாயி!” என்றான். தின்பதை நிறுத்தினார். இரண்டாம் முறை, “காத்தாயி!” பொட்டலத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். மூன்றாம் முறை, “காத்தாயி, வீராசாமி மக!” அதற்குள் பின்னாலிருந்து தேவா, டவுனுக்குப் படம் பார்க்கப் போயிட்டா என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

“இருக்கேன் தண்டலு,” என்றார் அந்த அம்மா.

சர்குணன் நல்ல நடிகன். யாரோ ஓர் அம்மா ஆசைப்பட்டு விளையாட வருகிறார் என்று நினைத்திருக்கிறான். வேடத்தை விடாமல், “இப்பத்தான் வர்றியா? லேட்டா வந்தா பேரு கெடையாது. வீட்டுக்குப் போ!” என்றான். கைதட்டினார்கள்.

“அன்னைக்கும் இதேதான்டா சொன்ன,” என்றார் அந்த அம்மா. பிறகு அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்து, “அவனுக்கு மீச இருந்துச்சு,” என்றாராம்.

காட்சி முடிந்ததும் நேராகக் கவுன்டருக்குப் போயிருக்கிறார்.

“இங்க பெரிய ஆபீசர் யாரு?”

“ரூபிணி மிஸ். பல்லு புடுங்கப் போயிருக்காங்க.”

“எப்ப வருவாங்க?”

“வீங்காட்டி நாளைக்கு.”

வீங்கிவிட்டது. அதனால் அடுத்த சனிக்கிழமைதான் அவரைப் பார்த்தேன். தனியாக, இரண்டு பஸ் மாறி, குடையோடு வந்திருந்தார். நான் கவுன்டருக்குள்ளே குனிந்து, “இந்த அம்மாதானா?” என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். “இந்த அம்மாதான்,” என்று பத்தடி தள்ளி பெஞ்சிலிருந்து அவரே பதில் சொன்னார்.

நான் முதலில் ஐ.சி.யைக் கேட்டேன், அடையாள அட்டையை.

“ஐ.சி. இல்லாட்டி நான் காத்தாயி இல்லியா?”

“அப்படியில்லை அம்மா. ஒரு நடைமுறைக்கு.”

கொடுத்தார். காத்தாயி, த.பெ. வீராசாமி. பிறந்த வருஷமும் பொருந்தியது. ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். அன்று முந்தின இரவு நல்ல மழை. மழை பெய்தால் மரம் ஈரமாக இருக்கும். ஈர மரத்தில் வெட்டினால் பால் பட்டையோடு வழிந்து வீணாகிவிடும். அதனால் அப்படிப்பட்ட காலையில் பெரட்டு மணியை ஒரு மணி நேரம் தள்ளி அடிப்பார்கள். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கூரையில் மழைச் சத்தம் கேட்டால் புரண்டு படுக்கலாம். பத்தொன்பது வயசுக் காத்தாயி புரண்டு படுத்தார். மழை நாலு மணிக்கே விட்டுவிட்டது. அன்றைக்குத் தண்டல் வழக்கமான நேரத்துக்கே மணி அடித்துவிட்டான்.

“ஓடினேன். நான் போறப்ப கடைசிப் பேரு கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். ‘இருக்கேன்’னு கத்தறேன். பேரு கெடையாது, வீட்டுக்குப் போன்னுட்டான்.”

“போனீர்களா?”

“வீட்டுக்கா? எங்கப்பா முன்னாடியா? நீ வேற.”

நேராகத் தன் நிரைக்குப் போயிருக்கிறார். நிரை என்றால் ஓர் ஆளுக்கு என்று ஒதுக்கிய மரங்கள். அடுத்த நிரை செங்கமலம் என்ற தோழியுடையது. பேர் இல்லாத ஆள் வெட்டினால் பாலை நிறுக்க மாட்டார்கள். அதனால் காத்தாயியின் பாலைச் செங்கமலம் தன் பாலோடு சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோனார். தண்டலுக்குத் தெரிந்தால் இருவருக்குமே வேலை போயிருக்கும்.

“கிராணி ஒன்றும் கேட்கவில்லையா அம்மா? எடை போட்டவர்?”

“கிராணி எழுதறவரு. கேக்கறவன் தண்டலு. தண்டலு அந்தப் பக்கம் வரல.”

மத்தியானத்துக்குள் லயத்தில் பேச்சு பரவிவிட்டது. காத்தாயி பெரட்டில் இல்லை. அப்படியென்றால் டவுனுக்குப் போயிருக்கிறாள். அப்படியென்றால் படம். அப்படியென்றால் தனியாகப் போயிருக்க மாட்டாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்களே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மஞ்சள் சேலை என்று சொன்னார்களாம்.

“எங்கிட்ட மஞ்சச் சேலையே கெடையாது,” என்றார்.

“உங்கள் அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அப்பா தண்டல்கிட்டப் போவாரு. தண்டலு செங்கமலத்த நிறுத்துவான். அவ ஆத்தா படுத்த படுக்க. அவ ஒருத்தி வெட்டி நாலு பேரு சாப்புடணும். யாருகிட்டயும் சொல்லாதடின்னு நாந்தான் அவ கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனேன். அப்புறம் நானே போயிச் சொல்லவா?”

பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீடு வேண்டாம் என்றுவிட்டது. “அது போனாப் போவுது. மூக்கு சரியில்லாதவன்,” என்றார். ஆனால் அன்றிலிருந்து அவர் அப்பா அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. பேசுவாராம், திட்டுவாராம், தண்ணீர் மட்டும் வாங்க மாட்டார். நாலு வருஷம் கழித்து, செங்கமலம் கல்யாணமாகி ஜொகூர்ப் பக்கம் போன பிறகு, காத்தாயி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். “இப்ப வந்து கதை சொல்றியா?” என்று கேட்டாராம் அப்பா. சாகிற வரைக்கும் தானே எழுந்துபோய் மொண்டு குடித்தாராம்.

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். குறித்து முடித்துவிட்டு, “அப்படியென்றால் புத்தகம் சரிதான் அம்மா. நீங்கள் பெரட்டில் இல்லை,” என்றேன்.

குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பெரட்டுல இல்ல. நிரையில இருந்தேன்.”

“பெரட்டில் இருந்தவர்களைத்தான் செக்ரோல் காட்டும்.”

“அதத்தான் பாப்பா நானும் சொல்றேன்.”

ஒரே விஷயத்தை இருவரும் சொல்லிக்கொண்டிருந்தோம் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அவர் பேரை எடுத்துவிட்டுக் கற்பனைப் பேர் ஒன்றைப் போட்டுவிடலாம் என்றேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய விட்டுக்கொடுத்தல். ஆவணத்தில் இல்லாத பேரை நான் போட்டதே இல்லை.

“எம்பேர எடுக்கறதா? பேரு இல்லாம ஒரு நாள் வெட்டுனது போதும். எடுக்காத. கூப்பிடட்டும். நான் பதில் சொல்றேன். அவன் எழுதிக்கட்டும்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னா, மாலையா போடச் சொல்றேன்?”

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஐந்து வாரம். டிக்கெட் எடுத்து, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பேர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, “இருக்கேன்,” என்பார். உட்கார்ந்துவிடுவார். சர்குணன் கறுப்புப் பேனாவில் குறிப்பான். சனிக்கிழமைகளில் தேவா அந்த வரியைச் சொல்வதில்லை. மற்ற நாட்களில் சொன்னான்.

யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். நிறையப் பேர் பார்த்தார்கள். மிஸ்டர் பிரான்சிஸுக்குச் சந்தோஷம். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நிகழ்ச்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பகுதி சரிபார்க்கப்பட்டதா, இல்லையா? இரண்டு கட்டம். ஒன்றில் குறி போட வேண்டும். ஆய்வு அதிகாரி கையெழுத்து.

யோசித்துத்தான் செய்தேன் சார். செங்கமலத்தைத் தேடினேன். அவர் இறந்து பதினொரு வருஷமாகியிருந்தது. தண்டலும் இல்லை, கிராணியும் இல்லை. இருந்தது செக்ரோல் ஒன்றுதான். அது ‘வரவில்லை’ என்கிறது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை வைத்து ஆவணத்தை மாற்றினால், நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள். ‘சரிபார்க்கப்படவில்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டு, இரண்டு பக்கம் விளக்கமும் எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அது வேறு விஷயம்.

“அப்ப அந்த அம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு. வரலாம், பாக்கலாம். பதில் சொல்லக் கூடாது,” என்றார் மிஸ்டர் பிரான்சிஸ்.

சொன்னேன். வருஷம் முழுவதும் இலவசமாக வர ஒரு அனுமதி அட்டையும் கொடுத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வரலாம், பாக்கலாம், வாயத் தொறக்கக் கூடாது.”

“நிகழ்ச்சி நேரத்தில் மட்டும் அம்மா.”

“எங்கப்பா இதுக்குப் பரவால்ல. தண்ணிதான் வாங்கல. பேச விட்டாரு.”

அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சர்குணன் மூன்று முறை கூப்பிட்டான். அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னதைக் கேட்கிறவர். பதில் இல்லாததால் ஒரு இடைவெளி வந்தது. இடைவெளி வந்ததால் தேவா பழக்கத்தில் சொல்லிவிட்டான். டவுனுக்குப் படம் பாக்கப் போயிட்டா தண்டலு. அவன் கெட்டவன் இல்லை சார். சொன்ன பிறகுதான் முதல் பெஞ்சைப் பார்த்தான். சனங்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். இந்த முறை இதை நானே பார்த்தேன். யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை சர்குணன் பெரட்டில், “காத்தாயி, வீராசாமி மக,” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். கொஞ்சம் நிறுத்தினான். தானே, “இருக்கா,” என்று சொல்லிக் கறுப்பில் குறித்துக்கொண்டான். தேவா வாயைத் திறந்தான். சர்குணன் திரும்பிப் பார்த்தான். தேவா வாயை மூடிக்கொண்டான்.

காட்சி முடிந்ததும் கோப்பை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். ஸ்டோருக்குப் பின்னால் தொப்பியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அது ஆவணத்தில் இல்லை சர்குணன்.”

“எது?”

“‘இருக்கா.’”

“படம் பாக்கப் போயிட்டான்னு ஆவணத்துல இருக்கா?”

“இல்லை.”

“அத ஒரு வருஷமா நாளைக்கு ரெண்டு தடவ சொன்னோம். அப்ப நீ ஃபைலத் தூக்கிட்டு வரலியே மிஸ்.”

பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

“பரிசீலி. நாளைக்கும் நான் அப்படித்தான் சொல்வேன். வேணும்னா வேற தண்டல் பாத்துக்க.”

வேறு தண்டல் கிடைப்பது கஷ்டம். காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ள யாரும் வருவதில்லை. அதனால் அது அப்படியே ஓடியது. எந்தப் படிவத்திலும் அது இல்லை. நீங்கள் காலையில் கேட்ட ‘இருக்கா’ அதுதான். பதின்மூன்று பேருக்கு ஆள் பதில் சொல்கிறது, ஒரு பேருக்கு மட்டும் தண்டலே ஏன் பதில் சொல்கிறார் என்று கேட்டீர்களே, அதனால்தான்.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் பாதி சொல்லி நிறுத்துவது சரியில்லை.

ஜூன் மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அதே மாதம் கரையான் மருந்து அடிக்க ஸ்டோரில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்தோம். அந்தப் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நுழைந்ததும் இடது பக்கம், பால் வாளிகளுக்கு அடுத்து. அதில் ஒரு புத்தகம் விரித்து வைத்திருக்கும். அதன் விளக்க அட்டையை எழுதியது நான். ‘பால் நிறுவைப் புத்தகம், ஜூலை 1968. கரையான் அரித்த ஓரங்களைக் கவனிக்கவும்.’ இரண்டு வருஷமாக அந்த அட்டை அங்கே இருக்கிறது. அந்தப் புத்தகமும் இரண்டு வருஷமாக அதே பக்கத்தில்தான் விரிந்து கிடக்கிறது. அட்டையில் எழுத்துப் பிழை உண்டா என்று இரண்டு முறை பார்த்தேன். கரையான் எந்த வகை என்றுகூட ஒரு பேராசிரியரிடம் கேட்டேன். பக்கத்தை வாசிக்கவில்லை.

ஆள் வாரியாக, நாள் வாரியாக, பால் எடை. பவுண்டில்.

செங்கமலத்தின் வரியைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, ஐ.சி. நகலில் இருந்த முகவரிக்குப் போனேன். மலிவு வீட்டு அடுக்குமாடி, ஏழாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மருமகள் கதவைத் திறந்தார். காத்தாயி அம்மா தரையில் செய்தித்தாள் விரித்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார்.

“பல்லு ஆறிடுச்சா?” என்றார்.

ஃபோனைக் கொடுத்தேன். கை மீனாக இருக்கிறது, கண்ணாடியும் இல்லை, நீயே படி என்றார்.

“செங்கமலம். பதினேழாம் தேதி, முப்பத்தொன்று. பதினெட்டாம் தேதி, ஐம்பத்தேழு. பத்தொன்பதாம் தேதி, முப்பது.”

நெத்திலித் தலையைக் கிள்ளிப் போட்டார்.

“அம்பத்தேழுதானா?”

“அப்படித்தான் இருக்கிறது அம்மா.”

“மழ பேஞ்ச நாளு. மரம் காயற வரைக்கும் நின்னுட்டு வெட்டுனோம். வெயில் ஏறிடுச்சு. அன்னைக்கு எல்லாருக்குமே கம்மிதான். இல்லாட்டி அறுவதத் தாண்டியிருக்கும்.” அடுத்த நெத்திலியை எடுத்துக்கொண்டு, “இன்னொரு தரம் படி,” என்றார்.

படித்தேன்.

“சத்தமாப் படி பாப்பா.”

சத்தமாகப் படித்தேன்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா. அந்தப் பக்கம் திரும்பிப் படி.”

அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது. காமாட்சி விளக்கும், மாலை போட்ட ஒரு பெரியவர் படமும். திரும்பிப் படித்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று நினைக்கிறேன். வயதும் ஆகிறதல்லவா. நான் படித்து முடித்ததும் எழுந்து கையைக் கழுவினார். ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய் அந்தப் படத்துக்கு முன்னால் வைத்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். ஏழு மாடி ஏறியிருந்ததால் எனக்கும் தேவையாக இருந்தது.

சனிக்கிழமை வாருங்கள், இனிமேல் நீங்களே பதில் சொல்லலாம், படிவத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன் என்றேன்.

“அதான் அந்த மீசயில்லாதவன் சொல்லிடறானாமே. இந்திராணி ஃபோன் போட்டுச் சொல்லுச்சு.”

“ஆமாம்.”

“அப்புறம் நான் எதுக்கு ரெண்டு பஸ் ஏறணும்?”

மறுபடி நெத்திலிக்கு உட்கார்ந்துவிட்டார். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

மழை விட்டுவிட்டது சார். சர்குணன் தொப்பியைத் துடைக்கிறான், மணி அடித்துவிடுவான். முன் பெஞ்ச் ஈரமாக இருக்கும், இரண்டாவதில் உட்காருங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஐம்பத்தேழு மட்டும் போதாது. ஆள் வராத நிரையில் பாதியைப் பக்கத்து ஆள் வெட்டுவதும் உண்டு என்று ஒருவர் வாதிடலாம். தலைமை அலுவலகத்தில் வாதிட்டார்கள். இரண்டு நிரையை ஒரே ஆள் ஒரு காலையில், அதுவும் ஈர மரத்தில் வெட்ட முடியாது என்று, இருபது வருஷம் பால் வெட்டிய சர்குணனின் அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் ஈர மரம் என்பதே காத்தாயி அம்மா சொன்னதுதான். அந்த மழைக்கு ஆவணம் இல்லை. அதனால் திரும்பி வந்து அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை படித்தேன். நாற்பத்திரண்டு பேர். காத்தாயிக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. மூன்று பேருடையதைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் முப்பத்தெட்டு. அதில் முப்பத்தேழு பேருக்குப் பதினெட்டாம் தேதிப் பால் முந்தின நாளைவிடக் குறைவு. செங்கமலம் ஒருவருக்கு மட்டும் இருபத்தாறு பவுண்டு கூடுதல்.